பத்துக்கு ரெண்டு

பதினேழு. வளைச்சு விட்டா திரும்ப நேரா வந்து நிக்குது சனியன். மேசையில முடுக்கி வெச்ச வைஸ் தாடையில கம்பி நுனியைக் கடிக்கக் குடுத்து, பிடியைப் புடிச்சு வலப்பக்கம் ஒரு தள்ளு, இடப்பக்கம் ஒரு தள்ளு, பதினெட்டு, இந்நேரம் பட்டுன்னு போயிருக்கணுமே. கரூர்க்காரன் அனுப்புனது ஏழுல போச்சு. தஞ்சாவூர்ல ஒரு வாத்தியார், ரிட்டையர் ஆகி ஆசை ஆசையா ராவி அனுப்புனது மூணுல போச்சு. 'பல்லு குத்தக்கூட லாயக்கில்ல, பல்லுக்குள்ள ஒடஞ்சா யாரு பொறுப்பு'ன்னு எழுதினேன் அவருக்கு, எங்க வாட்ஸப் குரூப்பே விழுந்து விழுந்து சிரிச்சுது, மனுசன் மறுநாள் குரூப்பை விட்டே போயிட்டாரு. போகட்டுமே. நான் என்ன அவரு மாமனாரா, தட்டிக் குடுக்க. பூட்டைச் சாவி இல்லாம திறக்குறதை ஒரு விளையாட்டா வெச்சிருக்குற முந்நூறு பேரு இருக்கோம், சிலபேரு சீட்டாடுறான், சிலபேரு தபால்தலை சேக்குறான், நாங்க பூட்டு. அதுக்கு வேண்டிய கம்பியை ஆளாளுக்கு வீட்டுல ராவி விக்கிறான். எது உழைக்கும், எது பூட்டுக்குள்ள ஒடஞ்சு மானத்தை வாங்கும்னு சொல்ல ஒருத்தன் வேணுமில்ல, அது நான்தான், ஞானசுந்தரம். துவாக்குடியில ஒரு ஸ்பிரிங் கம்பெனி லேப்ல முப்பத்தோரு வருஷம் இதே வேலை. நல்லா இருக்குறதை எடுத்து ஒடையுற வரைக்கும் ஆட்டணும், எத்தனையில ஒடஞ்சுதுன்னு எழுதணும். ஒடையாததை நான் பாத்ததே இல்ல. பத்தொம்போது, இருவது. மத்தியானம் ரெண்டரை மணி வெயிலுக்கு ஃபேன் காத்தே கொதிக்குது. என் பொண்டாட்டி கஸ்தூரி வீட்டுல இல்ல. செவ்வாய்க்கிழமைன்னா சமயபுரம்னு பன்னெண்டு மணிக்கே பையைத் தூக்கிட்டுப் போயிடுவா, அஞ்சுக்குத்தான் வருவா. கட்டிக்கிட்டு வந்த புதுசுல இந்தப் பக்தியெல்லாம் இல்ல அவளுக்கு, நாலு வருஷமாத்தான். நல்லதாப் போச்சு, நான் கம்பி ஒடைக்கிற சத்தம் கேட்டா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவா.

இருவத்தஞ்சு. மரப்பிடிக்குப் பித்தளை ஆணி அடிச்சிருக்கான், ஆணியும் அசையல. குரூப்பை நடத்துற பெரோஸ் காலையில கொண்டாந்து குடுத்தான், காபி குடிக்கிறியான்னு கேட்டதுக்கு வேணாம் சார்னுட்டு வாசல்லயே நின்னான், அவனுக்கு என்னைக் கண்டா கொஞ்சம் பயம். "புதுசா ஒருத்தங்க செய்யிறாங்க சார். பேரு சொல்ல வேணாம்னுட்டாங்க. இப்ப ஒரு பட்டறையில கிரைண்டிங்ல இருக்காங்க, அந்தத் தூசி நெஞ்சுக்கு ஒத்துக்கல, டாக்டர் விடச் சொல்லிட்டாராம். நீங்க நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா நம்ம ஆளுங்களே ஆர்டர் குடுத்துருவாங்க, இதை வெச்சே பொழச்சுக்குவாங்க. மார்க் கொஞ்சம் பாத்துப் போடுங்க சார்." பாத்துப் போடுறதுக்கு இதென்ன பந்தியில பாயசமா? போடான்னேன். பொட்டலத்துல மூணு கொக்கி, பூட்டைத் திருகிப் புடிச்சுக்க ரெண்டு டென்ஷன் கம்பி, ஒரு பித்தளைப் பூட்டு, டைப் அடிச்ச துண்டுச் சீட்டு. சீட்டுல ரெண்டே வரி. 'இது உங்கள் பூட்டு. நீங்கள் திறக்கலாம்.' அது எங்காளுங்க பழக்கம், சவால் பூட்டு. ஒரு பூட்டைப் பிரிச்சு உள்ள சாவி தூக்கி விடுற குட்டிப் பின்னையெல்லாம் கஷ்டமா மாத்தி, அடியில ஒரு குழி தோண்டி, அதுல எதையாவது ஒளிச்சு வெச்சு அனுப்பறது. பழைய காசு, மிட்டாய், காகிதம், திறக்குறவனுக்கு அது சொந்தம். அறுத்து எடுத்தா தோத்தவன். அந்தச் சட்டமும் நான் எழுதினதுதான், அடுத்தவன் புழங்குற பூட்டைத் தொடக்கூடாது, உன் பூட்டைத்தான் நீ திறக்கணும்ங்கறதும் நான் எழுதினதுதான். காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பாத்தேன், சரசரன்னுது, காகிதம். இருக்கட்டும். கம்பி முதல்ல, பூட்டு அப்புறம், அதுதான் என் ஒழுங்கு, எவன் பூட்டா இருந்தாலும். சாவித்துளை ரொம்பக் குறுகல் வேற. மூணு கொக்கியில மெல்லிசா ஒண்ணு இருக்கே, இப்ப வைஸ்ல கடிச்சுக்கிட்டு நிக்கிறது, அது ஒண்ணுதான் உள்ள போகும். என்கிட்ட இருக்குற எதுவும் போகாது. அதுக்குன்னே இதைச் செஞ்சிருக்கான். இருவத்தாறு.

முப்பது ஆச்சு, கொஞ்சம் நிறுத்தி லென்ஸ் வெச்சுப் பாத்துருவோம். எங்கேயாவது ஒரு கோணல் இருக்கும், இல்லாமப் போகாது. நீலம் பாய்ஞ்சிருக்கான்னு பாத்தேன், அவசரக்காரன் கல்லுல வெச்சு அழுத்துவான், சூடு ஏறும், பதம் போயிடும், அந்த இடம் நீலமாக் காட்டிக் குடுத்துரும். இல்ல. ஆற வெச்சு ஆற வெச்சுத் தேய்ச்சிருக்கான், பொறுமைசாலி. விளிம்புல பிசிறு இருக்கான்னு நகத்தை ஓட்டிப் பாத்தேன், வழுக்கிட்டுப் போகுது. கழுத்து கிட்ட மெல்லிசாக்கி, மெல்லிசானதே தெரியாம வளைச்சுக் கொண்டு போயிருக்கான், அடேங்கப்பான்னு வாய்விட்டே சொல்லிட்டேன், யாருமில்ல, நல்லவேளை. அப்பத்தான் பாத்தேன் கீறலை. உப்புத்தாள் போட்ட கீறல், முடி மாதிரி, கண்ணுக்கே தெரியாது, லென்ஸ்ல தெரியும். ஆயிரம் கம்பி பாத்திருக்கேன், ஆயிரத்துலயும் கீறல் ஒரே பக்கமாத்தான் சாயும். இது எதிர்ப் பக்கம் சாஞ்சிருக்கு. பீச்சாங்கை. பீச்சாங்கையால தேய்ச்சது. சரி, உலகத்துல பீச்சாங்கைக்காரன் ஒருத்தனா ரெண்டு பேரா, லேப்லயே ஒருத்தன் இருந்தான், டீ கிளாஸை இடது கையால நீட்டுவான், நான் வாங்க மாட்டேன். பிடியோட அடிக்கட்டையைத் திருப்பிப் பாத்தேன். மூணு பட்டையா சீவி இருக்கு. பென்சில் சீவுற மாதிரி, மூணே பட்டை, மூணாவது மட்டும் கொஞ்சம் நீளம். யாரு இப்படிச் சீவுவா? என் சவர பிளேடைத் திருடிட்டுப் போய், இந்தச் சமையக்கட்டு வாசப்படியில உக்காந்து, பென்சிலை இப்படித்தான் ஒருத்தி சீவுவா, மூணாவது பட்டையை நீளமா விடாதடீன்னா கேக்கவே மாட்டா. தில்லைநாயகி. என் பொண்ணு.

என் பொண்ணுன்னு சொல்லி நாலு வருஷம் ஆச்சு. யாராவது கேட்டா பெங்களூர்ல இருக்கான்னு சொல்லி வெச்சிருக்கேன், எங்க இருக்கான்னு சத்தியமா எனக்குத் தெரியாது. முப்பத்தொண்ணு, முப்பத்திரெண்டு, கை பாட்டுக்கு ஆட்டிக்கிட்டிருக்கு. மூணு வயசுலயே சோத்துல இடது கையை வெச்சா. அடிச்சேன். அடிச்சா என்ன, எல்லா அப்பனும் அடிக்கிறதுதான். வேப்பெண்ணெய் தடவி விட்டேன், நக்கிட்டு அந்தக் கையாலயே சாப்பிட்டா. நாற்காலிக் கால்ல கட்டிப் போட்டேன், கஸ்தூரியோட பழைய பாவாடை நாடாவால, மணிக்கட்டுல, வீட்டுப்பாடம் முடிக்கிற வரைக்கும். வலது கையால எழுதுனா எழுத்தெல்லாம் கோழி கிண்டுன மாதிரி இருக்கும், அதுக்கு ஸ்கூல்ல அடி வாங்குவா, எழுதுனதுக்கு அங்க அடி, எழுதாததுக்கு இங்க அடி. "அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா"ன்னு கஸ்தூரிகிட்ட சொல்லுவேன். "வளைக்கிறீங்களா, ஒடைக்கிறீங்களா"ன்னு அவ ஒரே ஒரு நாள் கேட்டா, அந்த வாரம் பூரா நான் அவகிட்டப் பேசல. தாம்பூலத்தை இடது கையால நீட்டுற பொண்ணை எவன் கட்டுவான், நாளைக்கு நாலு பேரு என்னையில்ல கேப்பான், இப்படியா வளத்தேன்னு. அது பாசம்தான். பாசம்தானே? என் முன்னால எல்லாம் வலது கைதான் அப்புறம். வலது கையால காபி குடுப்பா, சிந்தும், சிந்துனதைத் துடைப்பா. நான் அந்தப் பக்கம் போனா இடது கை. நான் கதவுச் சந்துல நின்னு பாத்திருக்கேன், முதுகைத் திருப்பிக்கிட்டு கோலப் பொடியைக் கிள்ளி வெச்சுக்கிட்டுத் தரையில கோடு இழுப்பா, ஒரு கோடு நடுங்காது. அழகா இருக்கும். அந்த அழகைப் பாத்தாத்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வரும்.

நாப்பது. இன்னும் நிமிருது. நானும் விடப் போறதில்ல. பெட்டி விஷயம் வேணாம், அதை நினைக்க வேணாம், நாப்பத்தொண்ணு, ஆனா அதுதான் வந்து வந்து நிக்குது. இருவத்தஞ்சு வயசுல சம்பாதிச்ச காசுல ஒரு டிரங்குப் பெட்டி வாங்கிட்டு வந்தா, பச்சைக் கலரு, அதுக்கு ஒரு சின்னப் பூட்டு. என் வீட்டுல எனக்குத் தெரியாம ஒரு பூட்டா? நான் முந்நூறு பேருக்குப் பாடம் எடுக்குற ஆளு, எனக்குப் பூட்டா? அவ குளிக்கப் போனப்ப நாப்பது செகண்டு. என் சட்டம் எனக்குத் தெரியாதா, புழங்குற பூட்டைத் தொடக்கூடாதுன்னு, தெரியும், தெரிஞ்சேதான் தொட்டேன். உள்ள புடவை இல்ல, காதல் கடுதாசி இல்ல, ஒரு நோட்டு. இடது கையால எழுதுன எழுத்து, முத்து முத்தா. ராத்திரி சாப்பாட்டுல உக்காந்து சத்தமாப் படிச்சேன், அவ குரல்லயே இழுத்து இழுத்து. இன்னிக்கு முருங்கைக்காய் சாம்பார், இன்னிக்கு பஸ்ல உக்கார இடம் கெடைச்சுது, இந்த மாதிரி அற்ப விஷயம்தான் எல்லாம், அதையும் நான் விடல, சிரிச்சுச் சிரிச்சுப் படிச்சேன். அப்புறம் ஒரு வரி. 'அப்பா இல்லாத நேரத்துல இந்த வீடு பெருசா இருக்கு.' அதையும் படிச்சேன். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல, ரெண்டு தடவை படிச்சேன், கஸ்தூரியைப் பாத்து "கேட்டியாடி"ன்னேன். கஸ்தூரி ரசத்தை ஊத்திக்கிட்டே இருந்தா, தட்டு நிறைஞ்சு கீழ வழிஞ்சுது. தில்லை அழுவான்னு பாத்தேன். அவ வலது கையைத் தட்டு ஓரத்துல வழிச்சுத் துடைச்சா. இடது கையைச் சோத்துல வெச்சா. என்னைப் பாத்துக்கிட்டே, நிதானமா, ஒரு பருக்கை சிந்தாம, முழுச் சோத்தையும் இடது கையால சாப்பிட்டு முடிச்சா. அடிக்கணும்னு எந்திரிச்சவன் எந்திரிச்ச மாதிரியே நின்னேன். காலையில பெட்டி மட்டும் இருந்துச்சு, திறந்தபடி.

நாப்பத்தெட்டு, நாப்பத்தொம்போது, அம்பது. ஒடையல. கோணமானியை வெச்சுப் பாத்தேன், அரை டிகிரி கூட மாறல. என் சர்வீஸ்ல இப்படி ஒண்ணு பாத்ததில்ல. பத்துக்கு ஒம்போதரை மார்க், அதுவும் அந்த அரையை எதுக்குப் புடிச்சேன்னு கேட்டா பதில் கெடையாது. எழுத வேண்டியதுதானே, நோட்டு பக்கத்துலயே இருக்கு, பேனா இருக்கு. எழுதுனா என்ன ஆகும்? நான் கட்டிப் போட்ட கையி நல்ல கையின்னு நானே என் கையால எழுதிக் குடுத்த மாதிரி ஆகும். முந்நூறு பேரு கை தட்டுவான். ஒருநாள் தெரியும், யாரு செஞ்சதுன்னு, சார் பொண்ணாம்ல, சாரை விட்டு ஏன் போச்சாம்? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுன்னு பேசுவான். நான் காக்கா இல்ல. அதில்ல, அதில்ல காரணம், பொய் சொல்றேன். அவ என்னைக் கெஞ்சியிருந்தா, அப்பா மன்னிச்சுருங்கன்னு ஒரு வரி எழுதியிருந்தா பத்தே போட்டிருப்பேன். சோதிச்சுப் பாருன்னு அனுப்பியிருக்கா, நெஞ்சுல தூசியோட, அப்பவும் தலை நிமிர்ந்துக்கிட்டு, இந்தக் கம்பி மாதிரி. தூசி நெஞ்சுக்கு ஒத்துக்கலையாம். சின்ன வயசுலயே மார்கழியில இழுக்கும் அவளுக்கு, கஸ்தூரி ராவெல்லாம் தைலம் தேய்ப்பா. தெரியுது எனக்கு. தெரிஞ்சேதான் வைஸைத் தளர்த்திக் கம்பியை எடுத்துக்கிட்டு அடுப்படிக்குப் போனேன். கேஸைப் பத்த வெச்சேன். மெல்லிசு இல்லையா, பதினஞ்சு செகண்டுல சிவந்துருச்சு. சிவந்ததைத் தண்ணியில முக்கக்கூடாது, அடுப்புத் திட்டுல வெச்சு ஆற விடணும், அப்பத்தான் முழுசா பதம் போகும், முப்பத்தோரு வருஷப் படிப்பு எதுக்கெல்லாம் உதவுது பாருங்க. கறுத்துப் போனதை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். என் கீறல் அவ கீறலை மறைச்சுது.

வீடியோ நாலு நிமிஷம். போனைத் தம்ளர்ல சாய்ச்சு வெச்சு, வைஸ்ல மாட்டி, ஒரே வளைப்பு. வளைஞ்சபடி நின்னுது, நூலு மாதிரி. "பாத்துக்குங்க, ஒரு தடவைக்கே நிமிரல. பதம் போட்டிருக்குன்னு யாரோ சொல்லி இவங்க நம்பியிருக்காங்க. பிடி நல்லாருக்கு, பிடிக்காக ரெண்டு மார்க். பத்துக்கு ரெண்டு. இதை நம்பி யாரும் இருக்குற வேலையை விட்டுறாதீங்க." அந்தக் கடைசி வரி யாருக்குன்னு அவளுக்குத் தெரியும். போட்டுட்டேன். நாலே கால் மணிக்கு நூத்திப் பன்னெண்டு பேரு பாத்தாச்சு, சிரிக்கிற மூஞ்சியா அனுப்புறானுங்க, 'காசு தப்பிச்சுது சார்'ங்கறான் ஒருத்தன். பெரோஸ் மட்டும் 'சரி சார்'னு போட்டான். வேலை முடிஞ்சுது. கம்பி முடிஞ்சுது, இனிமே பூட்டு. என்ன எழுதி வெச்சிருப்பா? திட்டித்தான் எழுதியிருப்பா. படிச்சுப் பாத்துக் கிழிச்சுப் போடுவோம்னு பூட்டை எடுத்து மடியில வெச்சுக்கிட்டேன். டென்ஷன் கம்பியை மாட்டினேன். தடி கொக்கி நுழையல, நடு கொக்கி நுழையல, என் டப்பாவுல இருந்த இருவதும் நுழையல. அப்பத்தான் உறைச்சுது. மடையா, மடையா, அது ஒண்ணுதானடா போகும், அதையில்ல நெருப்புல காட்டுனே. வளைஞ்சதைக் குறட்டால நிமித்தினேன். உள்ள விட்டேன், மெதுவா, மூச்சை அடக்கி. முதல் பின் ஏறுச்சு, ரெண்டு, மூணு. எவ்வளவு சுத்தமான வேலை, ஒவ்வொண்ணும் தொட்டவுடனே பதில் சொல்லுது. நாலாவது. அஞ்சாவதுக்கு லேசா அழுத்தணும், அழுத்துனா கம்பி வெந்த சேமியா மாதிரி வளையுது. வெளிய எடுத்து நிமித்தினேன், திரும்ப விட்டேன், வளைஞ்சுது, நிமித்தினேன், எத்தனை தடவைன்னு எண்ணல, முதல் தடவையா எண்ணல. "வாடி, வந்துருடி"ன்னு சொல்லிக்கிட்டிருந்தேன், பூட்டுகிட்டயா யாருகிட்டன்னு தெரியல. வேர்வை கண்ணுல எறங்கி எரியுது. டிக்குன்னு ஒரு சத்தம், திறந்துக்கிச்சுன்னு நினைச்சேன். பிடி என் கையில இருந்துச்சு. நுனி உள்ள போயிருச்சு. ஊசி வெச்சுக் கிண்டினேன், இன்னும் உள்ள போச்சு. இனிமே அதுக்கு உண்டான சாவியே வந்தாலும் நுழையாது.

இரும்புக் கேட்டு சத்தம். கஸ்தூரி. செருப்பைக் கூடக் கழட்டல, வாசல்லயே நின்னு "திறந்துட்டீங்களா?"ன்னா. எதைன்னேன். "பூட்டைத்தான்." பூட்டு வந்ததை நான் இவகிட்ட சொல்லவே இல்லையே. அப்பத்தான் பாத்தேன், சமயபுரம் போய்ட்டு வந்தவ நெத்தியில கோயில் குங்குமம் இல்ல. நாலு வருஷமா இருந்துச்சா இல்லையா, யாரு பாத்தா. பையோட அடியில சாம்பல் நிறத்துல தூசி, பட்டறைத் தூசி, லேப்ல நான் பாக்காத தூசியா. "அவளைப் பாக்கத்தான் போறியா." "ஆமாங்க." பொய் கூட சொல்லல. "பூட்டுக்குள்ள அவ வீட்டு விலாசம் எழுதி வெச்சிருக்கா. 'அவர் பூட்டை அவரு திறந்தாருன்னா வரட்டும்மா'ன்னா. அறுத்துட்டு வந்தா வேணாமாம்." சிரிச்சுக்கிட்டு சொல்றா, என் பொண்டாட்டி சிரிச்சு எத்தனை நாளாச்சு. நான் பிடியைக் காட்டினேன். "கம்பி சரியில்ல, ஒடஞ்சுருச்சு." வாங்கிப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. "அவ கம்பி ஒடையாதுங்க. என் கண்ணு முன்னால நூத்தம்பது தடவை வளைச்சுக் காட்டுனா." அடுப்புத் திட்டுல நான் துடைக்காம விட்ட கறுப்பு இருந்துச்சு, அதையும் பாத்தா. போன் டிங்கு டிங்குன்னு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, அதை எடுத்து வீடியோவைப் பாத்தா, என் குரல் வீடு பூரா கேட்டுது, பத்துக்கு ரெண்டு. "விலாசத்தை நீயே சொல்லு"ன்னேன். "சொல்ல மாட்டேன்னு கையில அடிச்சு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்." "எந்தக் கையில?" நான் கேக்கல, வாய் கேட்டுருச்சு. கஸ்தூரி என்னைப் பாத்தா. "இடது கையில." போனை என் மடியில வெச்சா, பூட்டுக்குப் பக்கத்துல. "அந்த மார்க்கை மாத்திப் போடுங்க. அவளுக்கு இழுக்குதுங்க, ராத்திரி படுக்க முடியல." மாத்தணும். ரெண்டை அழிச்சு ஒம்போதரை போட எவ்வளவு நேரம் ஆகும். "போட்ட மார்க்கை நான் மாத்துனது கிடையாது"ன்னேன், லேப்ல சொல்ற அதே குரல்ல. அவ பையைத் தூக்கிக்கிட்டு உள்ள ரூமுக்குப் போனா, கதவைச் சாத்துனா. தாழ்ப்பாள் போடுற சத்தம் கேட்டுது. முப்பத்திரெண்டு வருஷத்துல நான் வீட்டுல இருக்குறப்ப இவ தாழ்ப்பாள் போட்டதில்ல. எந்திரிச்சுப் போய்க் கதவுகிட்ட நின்னேன், கையில டென்ஷன் கம்பியோட, கதவை மேலயும் கீழயும் தடவிப் பாத்தேன். உள்பக்கத் தாழ்ப்பாள். இந்தப் பக்கம் துளையே கிடையாது.